கோதுமை வயலின் நீலப் பூ

நவம்பர் 11 அன்று நம் கடற்கரைச் சாலையில், 1938-இல் திறந்த பிரெஞ்சுப் போர்வீரர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைக்க வருகிறவர்களில் சிலர் சட்டையில் ஒரு சின்ன நீலப் பூவைக் குத்தியிருப்பார்கள். நம் சொல்தாக் குடும்பங்களுக்கு அது புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அதன் பெயர் ப்ளுவே.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், வாசகப் புத்தகத்தில் கோதுமை வயல் படம் வந்தால் சிவப்பாகக் கோக்லிகோவும் நீலமாக ப்ளுவேயும் கட்டாயம் இருக்கும். எங்களில் ஒருவரும் கோதுமை வயலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் திக்தேயில் அந்தப் பூவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவோம்!

ப்ளுவே காட்டுச் செடிதான், ஆனால் அதன் வீடு காடு அல்ல, உழுத வயல். நெல்லுக்குள் கோரை முளைப்பதுபோல, அங்கே கோதுமைக்குள் இது முளைக்கும். பயிர்த்தொழில் மேற்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது தானியத்தோடு சேர்ந்து போன களைகளில் ஒன்று. ஆயுள் ஓராண்டு. இலையுதிர் காலத்தில் முளைத்து, பனியைத் தாங்கி, மே முதல் ஜூலை வரை பூக்கும். கோதுமை அறுப்பதற்குள் விதை முற்றிவிடும். கொஞ்சம் மண்ணில் உதிரும், கொஞ்சம் தானியத்தோடு களஞ்சியத்துக்குப் போய், அடுத்த விதைப்பில் குடியானவன் கையாலேயே வயலுக்குத் திரும்பும். கோக்லிகோ விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். ப்ளுவே விதைக்கு அந்தப் பொறுமை இல்லை, சில ஆண்டுகளில் செத்துவிடும்.

1914-இல் போர் வந்தது. வட பிரான்சின் கோதுமை நிலங்களைக் கலப்பைக்குப் பதிலாகப் பீரங்கிக் குண்டுகள் கிளறிப் போட்டன. கிளறிய மண்தானே இவற்றுக்கு வேண்டும்! பதுங்கு குழிகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பூத்தன. பிரெஞ்சுச் சிப்பாய்கள் முதலில் சிவப்புக் காற்சட்டையோடுதான் போருக்குப் போனார்கள். எதிரிக்கு நல்ல குறி. 1915-இல் வெளிர்நீலச் சீருடை வந்தது. அந்தப் புதுத்துணியில் வந்து இறங்கிய பையன்களைப் பழைய சிப்பாய்கள் 'ப்ளுவே' என்று கேலியாக அழைத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

பாரிசில் இன்வலீத் மருத்துவமனையில் சுசான் லெனார் என்ற தலைமைச் செவிலி இருந்தார். கணவர் குடியேற்ற நாட்டுக் காலாட்படையில் காப்டன், 1915-இல் மாண்டவர். அவரும், தளபதி ஒருவரின் மனைவியான ஷார்லோத் மால்தேரும் 1916-இல் ஊனமுற்ற வீரர்களுக்காக ஒரு பட்டறை தொடங்கினார்கள். துணியில் இதழ், செய்தித்தாளில் மகரந்தம் என்று அவர்கள் ப்ளுவே செய்து விற்றார்கள். அந்தக் காசு அவர்களுக்கே. என் கருத்தில் இந்தக் கதையிலேயே உயர்ந்த விஷயம் இதுதான்: கையை நீட்டி வாங்காமல் கையால் செய்து பிழைத்தார்கள். 1934 நவம்பர் 11 அன்று 1,28,000 பூக்கள் விற்றன. மறு ஆண்டு அரசே நாடெங்கும் விற்பனைக்கு ஏற்பாடு செய்தது. ஆங்கிலேயர் கோக்லிகோவை எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.

குண்டுகளுக்குத் தப்பிய பூ சமாதானத்துக்குத் தப்பவில்லை. விதை சலிக்கும் இயந்திரங்கள் வந்து தானியத்தைச் சுத்தமாக்கின, களஞ்சிய வழி அடைபட்டது. 1945-க்குப் பிறகு நம் வயல்காரர்களுக்கும் தெரிந்த 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் வந்தன. உரம் போட்டு நெருக்கமாக வளர்த்த கோதுமைக்குள் வெயிலும் புகவில்லை. கோக்லிகோ மண்ணுக்குள் காத்திருந்து அவ்வப்போது தலைகாட்டியது. ப்ளுவே பல வட்டாரங்களில் அரிதாகிவிட்டது. 2012-இல் பிரெஞ்சு அரசு இத்தகைய வயல் பூக்களைக் காக்கவென்று தனித் திட்டமே போட்டது. முப்பாட்டன் காலம் முழுக்கப் பிடுங்கியெறிந்த களைக்கு ஒரு ராஜாங்கத் திட்டம்!

விதைக் கடைகளில் ப்ளுவே இன்றும் கிடைக்கிறது. ஆனால் அது தோட்டத்துக்கென்று வளர்த்தெடுத்தது, அடுக்கு இதழோடு, வெள்ளையாகவும் ரோஜா நிறமாகவும்கூட. அசல் வயல் ப்ளுவே வேண்டுமென்றால், சொந்த விதையைச் சலிக்காமல் விதைத்து மருந்தடிக்காமல் விடும் குடியானவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் போக வேண்டும்.