ஆகாய வழி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவனுக்கு மைல்கல் வேண்டாம். ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரமே தூரத்தைச் சொல்லிவிடும். ஆகாய வழியில் அப்படி ஒரு கோபுரம் ஏது? தேசப் படத்தில் நூல் பிடித்தால் சென்னைக்கும் கராச்சிக்கும் சுமார் 1,900 கிலோமீட்டர்.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை என்ஜின் பூஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து கிளம்பினார். ஏற்றியது தபால் மூட்டைதான். ஆமதாபாத்தில் அதற்குப் பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்ததாம்! பம்பாயில் நெவில் வின்சென்ட் மூட்டையை வாங்கிக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னை சேர்ந்தார். நம் இரண்டு ஊர்க் கடிதங்களும் அங்கே ரயில் ஏறியிருக்கும். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-லேயே போட்டாகிவிட்டது.

1947-இல் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. கராச்சியில் மதராஸி பாரா என்று தமிழர் குடியிருப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. அங்கே மாரியம்மன் கோயிலும் உண்டு. சென்னையிலிருந்து அங்கே போக நேர் விமானம் கிடையாது. துபாய் போய்த் திரும்பினால் 4,000 கிலோமீட்டருக்கு மேல். விசா கிடைத்தால்தான் அதுவும். வின்சென்ட் இறக்கிய மூட்டைக்கு அது தேவைப்படவில்லை.