இசைத்தட்டுக் கைக்கலைக்கு எழுத்துப் பிறந்த வரலாறு

ஒலி பிறந்த கணத்திலேயே மறைவது. மறையும் ஒலியைக் கண்ணுக்குப் புலனாகும் கோடாக்கி நிறுத்தவேண்டும் என்னும் வேட்கை புதியதன்று. பிரெஞ்சு நாட்டவரான ஸ்காட் டி மார்டன்வில் என்பார் 1857-ஆம் ஆண்டில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். புகைக்கரி படிந்த தாளின்மேல் ஒலியதிர்வை அது நெளிகோடாக வரைந்தது. அக்கோட்டைப் பார்க்கலாம், கேட்க இயலாது. 1877-இல் எடிசன் கண்ட கருவியோ பதித்த ஒலியைத் திரும்பக் கேட்கச் செய்தது. பின்னர் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். அத்தட்டின் வரிப்பள்ளமும் ஒருவகை எழுத்தே. ஆயினும் அதனைப் படிப்பது கண்ணன்று, ஊசி.

அந்த ஊசியை முன்னும் பின்னுமாகப் படிக்கச் செய்து, அதனையே ஒரு கலையாக்கியவர்கள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்கள் ஆவர். வறுமை மிகுந்திருந்த அப்பகுதியில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள், ஜமைக்காவிற் பிறந்த கூல் ஹெர்க் என்பார் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தார். பாட்டின் நடுவே தாளவொலி மட்டும் எஞ்சும் சிறு பகுதியே ஆடுவோரைப் பெரிதும் கவர்ந்தது. இரண்டு சுழலிகளைக் கொண்டு அப்பகுதியை நீட்டித்தல் அவருடைய முறையாயிற்று. தம் தட்டுகள் எவையெனப் பிறர் அறியாவண்ணம், அவற்றின் பெயர்ச்சீட்டுகளை நீரில் ஊறவைத்து அவர் நீக்கிவிடுவதுண்டு. இக்கலையின் முதற்பருவம் எழுதுவதாக அன்றி, எழுத்தை அழிப்பதாகவே இருந்தது.

அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் வேறொரு வழி கண்டார். வேண்டிய பகுதி தொடங்கும் இடத்தைத் தட்டின்மேல் வண்ணக்கட்டியாற் கோடிட்டுக் குறித்தார். கடிகார முள்ளைப் பார்த்து நேரம் அறிவதுபோல், சுழலும் கோட்டைப் பார்த்து ஒலியின் இடத்தை அறிந்தார். இக்கலையில் ஒலியைக் கண்ணாற் காண்பதற்கு முதற்படி இதுவே எனலாம்.

1970-களின் நடுவில், கிராண்ட் விசர்ட் தியடோர் என்னும் சிறுவர், ஓடும் தட்டைக் கையாற் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது எழும் கீறலொலியை இசையாக வளர்த்தார். அதுவே ‘ஸ்கிராட்ச்’ எனப்படுவது. ஒரு கை தட்டை அசைக்கும். மற்றொரு கை கலவைப் பெட்டியிலுள்ள நகரும் பிடியால் ஒலியைத் திறந்தும் அடைத்தும் அறுக்கும். ஒலியை அடைக்காமல் தள்ளி இழுப்பது ‘பேபி’. தள்ளும்போது மட்டும் ஒலிக்கவிட்டு, இழுக்கும்போது அடைப்பது ‘ஃபார்வர்டு’. ஒரே அசைவின்போது பிடியைப் பலமுறை திறந்து மூடுவது ‘டிரான்ஸ்ஃபார்மர்’. விரல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியின்மேல் ஓடவிடுவது ‘கிராப்’, அதாவது நண்டு.

பெயர்கள் பெருகின, ஆனால் எழுத்து இல்லை. ஒருவர் கையை மற்றொருவர் பார்த்தே கற்கவேண்டியிருந்தது. ஐரோப்பிய ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பும் போதவில்லை. அது கேட்கவேண்டிய சுரத்தைக் குறிப்பது. தட்டின் ஒரே இடமோ கையின் வேகத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும். ஆகவே ஒலியை அன்று, கையின் அசைவையே எழுதவேண்டியதாயிற்று. பண்டை ஐரோப்பியர் லூட் என்னும் நரம்புக் கருவிக்கு, சுரத்தை எழுதாமல் விரல் அழுத்தும் இடத்தை எழுதிவைத்த முறை இதற்கு முன்னோடியாகும்.

ஆவணப்படம் எடுத்தவரான ஜான் கார்லூச்சியோ, வடிவமைப்பாளர் ஈதன் இம்போடன், இக்கலைஞரான ரேமண்ட் பர்டில் ஆகிய மூவரும் வகுத்த குறியீட்டு முறை 2000-ஆம் ஆண்டில் சிறுநூலாக வெளிவந்தது. கட்டமிட்ட தாளில் இடமிருந்து வலமாகக் காலம் செல்லும். கீழிருந்து மேலாகத் தட்டின் நகர்வு செல்லும். கோடு ஏறினால் தட்டு முன்செல்கிறது; இறங்கினால் பின்வருகிறது. சரிவு செங்குத்தானால் வேகம் மிகுதி, படுத்திருந்தால் குறைவு. ஒலி அறுபடும் இடத்தைச் சிறு குறி காட்டும். ‘பேபி’ ஒரு மலைமுகடுபோல் தோன்றும். ‘டிரான்ஸ்ஃபார்மர்’ அதே சரிவில் பல வெட்டுகளாகத் தோன்றும். கனடா நாட்டுக் கலைஞர் ஏ-டிராக் என்பாரும் தமக்கெனத் தனிக்குறியீடு வகுத்தார்.

பின்னர், நேரக்குறி பதித்த தட்டுகள் வந்தன. அவற்றின் வாயிலாகத் தட்டின் நிலையைக் கணினி நொடிதோறும் அறிவதால், கை அசையும்போதே கோட்டினைத் திரையில் வரைய இயலும். ஸ்வீடன் நாட்டு அரச தொழில்நுட்பக் கழகத்தில் ஹேன்சன் என்பார் இக்கலையின் ஒலியியலையும் கையாளும் முறையையும் ஆராய்ந்து 2010-இல் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று, ஏறத்தாழ 35 ஆண்டுகளிற் பல்கலைக்கழகத்துப் பாடமாயிற்று.

எழுத்து வந்ததனால் கலை முழுமை பெற்றுவிட்டதா? இல்லை. விரலின் அழுத்தத்தையும், தாளத்திற்கு இம்மியளவு முந்தியோ பிந்தியோ நிற்கும் நயத்தையும் கோடு முற்றும் காட்டாது. எனினும் எழுத்தின் பயன் பெரிது. நேரிற் காணாதவனும் கற்கலாம்; இந்த அசைவு இன்னாருடையது என்று சான்று காட்டலாம். பெயர்ச்சீட்டை நீக்கி மறைத்தவர்க்கும் அவருடைய காரணம் இருந்தது. கைப்பொருள் இல்லாதவர்க்குக் கைத்திறனே உடைமை. ஆயின், மறைத்த திறன் உடையவரோடு முடியும். எழுதிய திறன் மாணவரிடத்து வாழும். வளமற்ற தெருக்களிற் கை முந்திற்று. எழுத்து பிந்தி வந்தது. அக்கோடுகளைக் கற்பிப்போர் அவற்றை முதலில் வரைந்த கைகளையும் மாணவர்க்குச் சொல்லுதல் கடன்.