புளியந்தோப்புக் கலவரமும் முடியாத சமாதானமும் (1921)

பக்கிங்காம் – கர்னாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தையொட்டி 1921இல் நிகழ்ந்த புளியந்தோப்புக் கலவரம், இன்று எண்ணூர், அத்திப்பட்டு வரை நீளும் வட சென்னைத் தொழிற்பகுதியின் பழைய காயங்களுள் ஒன்று. பிணக்குத் தீர்வு பற்றிப் படிப்போர் அதிகம் கவனிக்காத நிகழ்வும் இதுவே.

பெரம்பூரில் இருந்த இவ்வாலைகள் பின்னி நிறுவனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தொழிலாளர்களைக் கொண்டே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அதன் முன்னோடிகள். 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறம் நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் ஆலைக்குச் சென்றனர். அவர்கள் பக்கம் எம். சி. ராஜா பேசினார். சங்கத்தார் அவர்களைக் கருங்காலிகள் என்றனர். சங்கத்திற்குள்ளும் சேரிக்குத் தனி இடமே இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. கிலாபத் இயக்கத்தால் இந்து–முஸ்லிம் ஒற்றுமை மேடைதோறும் முழங்கிய ஆண்டு அது. அந்த ஒற்றுமை சேரியின் எல்லையில் நின்றுவிட்டது.

ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29 அன்று போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. நீதிக்கட்சியின் சி. நடேச முதலியார் நடுநின்று பேச, அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தது.

பிணக்கு முடிந்ததா? சண்டை நின்றிருப்பதை மட்டும் 'எதிர்மறை அமைதி' என்றும், அநீதியும் நீங்கிய நிலையை 'நேர்மறை அமைதி' என்றும் நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் 1960களில் பிரித்துக் காட்டினார். இஸ்லாமிய மரபில் சமாதானம் செய்துவைத்தல் 'சுல்ஹு' எனப்படும். குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், சண்டையிடும் இரு நம்பிக்கையாளர் குழுக்களிடையே சமாதானம் செய்துவைக்கச் சொல்கிறது. வரம்பு மீறிய குழு அடங்கிய பின்னரும் நீதியோடுதான் இணக்கம் காண வேண்டும் என்கிறது. அதாவது, கைகலப்பை நிறுத்துவது பாதி வேலை. பிற சமயத்தாருடனான உடன்பாட்டுக்கு 628இல் நபிகள் நாயகம் குறைஷியருடன் செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை அறிஞர் சுட்டுவர். அதில் தம் பெயரோடு இருந்த 'இறைத்தூதர்' என்னும் சொல்லையே அவர் விட்டுக்கொடுத்தார். வலுவுள்ளோர் விட்டுக்கொடுத்தலுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பெரம்பூரில் அத்தகைய விட்டுக்கொடுத்தல் நிகழவில்லை. வேலைநிறுத்தம் தொழிலாளர்க்குத் தோல்வியாகவே முடிந்தது. நீதிக்கட்சித் தலைவர்கள், அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்குச் சார்பாக நடக்கிறது என்று குற்றம்சாட்டினர்.  எம். சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார்.