ஸ்மோங்: ஒரு தீவைக் காப்பாத்தின சொல்

'சுனாமி'ங்கிற சொல்லை நம்மில் பெரும்பாலானோர் முதன்முதலா கேட்டது 2004 டிசம்பர் 26 அன்னிக்குத்தான். ஜப்பானிய மொழியில் 'துறைமுக அலை'ன்னு அர்த்தம். அப்புறம் நம்ம பத்திரிகைகள் 'ஆழிப்பேரலை'ன்னு எழுதினாங்க. அழகான சொல்தான், ஆனா எல்லாம் முடிஞ்ச பிறகு வந்துச்சு.

அந்த அலைக்கு ஏற்கெனவே பெயர் வச்சிருந்த ஒரு ஊர் உண்டு. சுமத்ராவுக்கு மேற்கே இருக்கிற சிமெலுவே தீவு. நிலநடுக்க மையத்துக்கு ரொம்பப் பக்கம்; அலை வர பத்து நிமிஷம்கூட ஆகலை. தீவில் இருந்தவங்க சுமார் 78,000 பேர். இறந்தவங்க 7 பேர். எழுத்துப்பிழை இல்லீங்க, ஏழே பேர்தான்.

1907 ஜனவரியில் இதே மாதிரி ஒரு நிலநடுக்கம், பின்னாடியே அலை. கரையோர ஊர்கள் அழிஞ்சுது. பிழைச்சவங்க அதுக்கு வச்ச பெயர் 'ஸ்மோங்'. வெறும் பெயர் இல்லை, ஒரு கதையே அதுக்குள்ள இருக்கு: பூமி பலமா ஆடும், கடல் உள்வாங்கும், உடனே மலைக்கு ஓடு. தாத்தா பாட்டிங்க பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே 97 வருஷம் ஓட்டிட்டாங்க. பள்ளிக்கூடப் பாடம் கிடையாது, அபாயச் சங்கு கிடையாது. 2004-ல் பூமி ஆடினதும் யாரோ "ஸ்மோங்!"னு கத்த, ஊரே மேட்டுக்கு ஏறிடுச்சு. (நாங்க எழுதுற மென்பொருள்ல 'ஏதோ தவறு நடந்துவிட்டது'ன்னு ஒரு செய்தி வைப்போம். அதைப் பார்த்து யாராவது எங்கேயாவது ஓட முடியுமா?)

நம்மகிட்ட சொல் இல்லையான்னா, இருந்துச்சு: கடல்கோள். தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதா இறையனார் களவியல் உரை சொல்லுது. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்லுது. கபாடபுரம் எங்கே இருந்துச்சுங்கிற சண்டைக்கு நான் வரலை. என் வருத்தம் வேற. கடல்கோள்னா எதை இழந்தோம்னு தெரியுது. தண்ணி உள்வாங்கினா என்ன பண்ணணும்னு அதுல இல்லை. அதுவும் புத்தகத்துலதான் இருந்துச்சு, பாட்டி வாயில இல்லை.

நம்ம கரைக்கு அலை வர சுமார் ரெண்டு மணி நேரம் ஆச்சு. காலை ஆறரை மணிக்கு சென்னையில லேசான ஆட்டத்தை உணர்ந்தவங்க உண்டு. சில இடங்கள்ல கடல் உள்வாங்கினதை வேடிக்கை பார்க்க ஜனங்க கடற்கரைக்குப் போனாங்க. தமிழ்நாட்டுல சுமார் 8,000 பேர் செத்துப்போனாங்க. அதுல 6,000-க்கும் மேல நாகை மாவட்டத்துல மட்டும்.