மலிவு என்னும் கணக்கு: பம்பாய்த் தேக்குக் கப்பல்களும் அவற்றின் உண்மை விலையும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் துறையில் ‘டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. இலங்கையின் திருகோணமலைக்கு அப்பாலான கடலில் 1782இல் நிகழ்ந்த போரின் நினைவாகப் பெயரிடப்பட்ட அக்கப்பல் கட்டப்பட்ட இடம் இங்கிலாந்து அன்று, பம்பாய். 1817 அக்டோபர் 12ஆம் நாள் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்திலிருந்து அது நீரில் இறக்கப்பட்டது. கட்டியவர் ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தலைமைத் தச்சர். தன் கடல் வலிமையைக் குறித்துப் பெருமிதம் கொண்டிருந்த ஓர் அரசு, தன் போர்க்கப்பலைப் பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த ஒரு காலனித் துறையில் கட்டுவிக்க முன்வந்தது ஏன்? ‘அங்கே மலிவு’ என்பதே வழக்கமாகத் தரப்படும் விடை. அந்த மலிவு எவற்றால் ஆனது, அதன் விலையை யார் செலுத்தினர் என்னும் வினாக்கள் அதனினும் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

முதற் காரணம் மரம். 74 பீரங்கிகள் தாங்கும் ஒரு போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 2000 முதிர்ந்த ஓக் மரங்கள் தேவைப்பட்டன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தகைய மரம் பருத்து வளர நூறாண்டுக்கு மேலாகும். பிரான்சுடன் நிகழ்ந்த நெடும்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஓக் காடுகள் கடற்படையின் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாமல் திணறின. பால்டிக் கரையிலிருந்து வந்த மரத்தின் வரத்தும் போரினால் நிலையற்றதாயிற்று. தேக்கோ ஓக்கினும் நெடிது உழைப்பது. ஓக்கிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை ஆணியைக் காக்கும்.

இரண்டாம் காரணம் தொழில். கிழக்கிந்தியக் கம்பெனி 1736இல் சூரத்திலிருந்து லௌஜி நசர்வான்ஜி என்னும் தச்சரைப் பம்பாய்க்கு அழைத்து வந்தது. 1750இல் அங்கு உலர்துறை அமைந்தது. லௌஜியின் வழிவந்தோர் ஒன்றரை நூற்றாண்டு அளவும் அத்தளத்தின் தலைமைத் தச்சர்களாக விளங்கினர். ‘வாடியா’ என்னும் பெயரே கப்பல் தொழிலைக் குறிப்பதாயிற்று. 1810இல் அவர்கள் இறக்கிய ‘மிண்டன்’, பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அரச கடற்படைக்கெனக் கட்டப்பட்ட முதல் பெரும் போர்வரிசைக் கப்பல். 1813இல் இறக்கப்பட்ட ‘கார்ன்வாலிஸ்’ கப்பலின் மேல்தளத்தில்தான் 1842இல் சீனாவுடனான நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1827இல் நவாரினோ கடற்போரில் தலைமைக் கப்பலாக நின்ற ‘ஏசியா’வும் பம்பாயின் படைப்பே.

மலிவைக் குறித்த புகழ்பெற்ற கணக்கு 1811இல் லெப்டினன்ட் கர்னல் வாக்கர் என்பவர் எழுதிய குறிப்பில் காணப்படுகிறது. பம்பாயில் கட்டப்படும் கப்பலின் செலவு இங்கிலாந்துத் துறைகளின் செலவைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. இங்கிலாந்துக் கப்பல்களைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேக்குக் கப்பல் ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைக்கும் என்பது அவர் வாதம். இந்தியக் கப்பல் தொழிலைப் பற்றிய நூல்களில் இக்கணக்கு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அது வழக்காடுபவரின் கணக்கு என்பதை மறத்தலாகாது.

‘டிரிங்கோமலி’யின் செலவையே சான்றாகக் கொள்ளலாம். அதனைக் கட்ட ஆன செலவு சுமார் 23,000 பவுண்டு. 1819 ஏப்ரலில் அது போர்ட்ஸ்மவுத்தை அடைந்தபோது, அப்பயணத்திற்கென 6,600 பவுண்டு செலவாகியிருந்ததாகப் பதிவாகியுள்ளது. வாக்கரின் விகிதத்தை இதில் பொருத்திப் பார்த்தால், இங்கிலாந்தில் அக்கப்பலுக்கு ஏறத்தாழ 30,700 பவுண்டு ஆகியிருக்க வேண்டும். மிச்சம் சுமார் 7,700 பவுண்டு. அம்மிச்சத்தின் பெரும்பகுதியைக் கடற்பயணமே விழுங்கிவிட்டது. கட்டுமிடத்தின் விலை வேறு. கப்பல் வந்து சேருமிடத்தின் விலை வேறு.

தொலைவு, பணத்தை மட்டுமன்றிக் காலத்தையும் விழுங்கியது. ‘டிரிங்கோமலி’க்கான ஆணை 1812இல் பிறந்தது. அதன் வரைபடங்களை ஏற்றிப் பம்பாய்க்குப் புறப்பட்ட ‘ஜாவா’ என்னும் போர்க்கப்பல், அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான ‘கான்ஸ்டிடியூஷ’னிடம் தோற்று எரியுண்டது. பம்பாயில் உருவாகிக்கொண்டிருந்த கப்பல்களுக்கான செப்புத் தகடுகளும் அதனோடு போயின. வரைபடங்களை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. 1816 மே மாதம் ஏரா வைத்து, பார்சி மரபுப்படி அதில் வெள்ளி ஆணி அறைந்து வேலை தொடங்கியபோது, எந்தப் போருக்காகக் கப்பல் வேண்டப்பட்டதோ அப்போரே முடிந்திருந்தது. போர்ட்ஸ்மவுத்தை அடைந்த கப்பல் கால் நூற்றாண்டுக்கு மேல் பணியின்றிக் கட்டிவைக்கப்பட்டது. அத்தனை காலம் நீரில் நின்றும் அது உளுக்கவில்லை என்பதில் வாக்கரின் கூற்று மெய்ப்படுகிறது. ஆனால் வேண்டிய காலத்தில் அது வந்து சேரவில்லை.

அடுத்து, கணக்கேட்டில் இடம்பெறாத விலை. பம்பாய்த் தளத்திற்கான தேக்கின் பெரும்பகுதி மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. அம்மரத்தைச் சந்தை விலையில் வாங்குவதைவிடக் காட்டையே வசப்படுத்துவது கம்பெனிக்கு எளிதாகத் தோன்றியது. 1806இல் வாட்சன் என்னும் அதிகாரி காடுகளின் காப்பாளராக அமர்த்தப்பட்டார். ‘காப்பு’ என்பது இங்கே கடற்படைக்கான காப்பு. அடுத்த ஆண்டு வெளியான அறிவிப்பு தேக்கின் மீதான உரிமையைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கியது. காட்டின் உடைமையாளர்களான நாட்டுத் தலைவர்களும், மர வணிகர்களும், விறகுக்கும் வீட்டுக்கும் காட்டை நம்பியிருந்த உழவர்களும் தம் வழக்குரிமைகளை இழந்தனர். எதிர்ப்பு முற்றியது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் காலத்தில், 1823இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. ‘மிண்டன்’, ‘கார்ன்வாலிஸ்’, ‘டிரிங்கோமலி’ ஆகிய மூன்றும் நீரில் இறங்கியது இத்தனியுரிமைக் காலத்திலேயே. பம்பாயில் தேக்கு மலிவாகக் கிடைத்தது என்று எழுதும்போது, அம்மலிவில் இயற்கையின் பங்கு எவ்வளவு, ஆணையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வரலாற்றாசிரியரின் கடமை.

உழைப்பின் விலையும் இவ்வாறே. வாடியாக் குடும்பத்தின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்களின் உருவப்படங்கள்கூட உள்ளன. அவர்களின் கீழ் வங்கு இழைத்தவர்கள், பலகை வளைத்தவர்கள், இடுக்கடைத்துக் கலப்பற்றுச் செய்தவர்கள், கயிறு திரித்தவர்கள் ஆகியோரின் பெயர்களை வரலாறு அவ்வாறு போற்றி வைக்கவில்லை. நான்கில் ஒரு பங்கு மிச்சம் என்பதில் இவர்கள் பெற்ற கூலிக்கும் லண்டன் தச்சர் பெற்ற கூலிக்கும் இடையிலான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

அதே வேறுபாடுதான் தேம்ஸ் கரையிலும் அச்சத்தை விளைத்தது. ஆளுநர் நாயகம் வெல்லெஸ்லி 1800இல் எழுதியபோது, கல்கத்தாத் துறையில் மட்டும் இங்கிலாந்துக்குச் சரக்கேற்றத் தக்க, இந்தியாவில் கட்டப்பட்ட கப்பல்கள் ஏறத்தாழ 10,000 டன் அளவில் இருப்பதைச் சுட்டினார். லண்டன் கப்பல் கட்டுநர்கள் நாடாளுமன்றத்தில் முறையிட்டனர். 1814இல் ஒரு தெரிவுக் குழு, இந்தியாவில் கட்டப்பட்ட கப்பல்களைக் குறித்த அம்முறையீடுகளின் மீது சாட்சியம் கேட்டது. மலிவுக்கு எதிராக மலிவைக் கொண்டு வாதிட இயலாது. எனவே சட்டம் துணைக்கு அழைக்கப்பட்டது. பிரித்தானியக் கப்பலின் உரிமைகளைப் பெற மாலுமிகளில் முக்காற்பங்கினர் பிரித்தானியராயிருத்தல் வேண்டும் என்பது கடலோட்டச் சட்டங்களின் பழைய விதி. லாஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கடலோடிகள், முடியரசின் குடிகளாயிருந்தும், பிரித்தானிய மாலுமிகளாகக் கருதப்படமாட்டார் என 1823ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இந்தியக் கப்பலை இந்தியக் கைகளால் செலுத்துவதே அதன் சிக்கனத்தின் ஒரு பாதி. அப்பாதி சட்டத்தால் துண்டிக்கப்பட்டது. கடற்படைக்குத் தேவைப்பட்டபோது மலிவு நற்பண்பாயிருந்தது. வணிகத்தில் போட்டியானபோது அதுவே குற்றமாயிற்று.

இதன் பின்விளைவுகள் இரண்டு. காட்டில்: மலபாரின் இயற்கைத் தேக்கு அருகியதால், 1840களில் மாவட்ட ஆட்சியர் கானொலியும் அவருக்குத் துணைநின்ற சாத்து மேனோனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் எழுப்பினர். காட்டில் தானே விளைந்த மரத்தை இனி விதைத்து வளர்க்க வேண்டியதாயிற்று. துறையில்: நீராவியும் இரும்பும் மரக்கப்பலை ஓரங்கட்டின. வாடியாக் குடும்பத்து இளைஞர்கள் 1838இல் இங்கிலாந்து சென்று அங்குள்ள கப்பல் தளங்களில் தொழில் கற்றனர். அதே குடும்பத்தின் ஆர்தேஷிர் கர்செட்ஜி நீராவிப் பொறியியலில் தேர்ந்து, 1841இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முதல் இந்திய உறுப்பினரானார்.

எனினும், கடல்கடந்து வந்து மரக்கலம் கட்டுவித்துக்கொள்ளும் வழக்கம் இந்தியக் கரையில் அற்றுப்போகவில்லை. நிலம்பூர்த் தேக்கு மிதந்து இறங்கிய சாலியாற்றின் முகத்துவாரத்தில் பேய்ப்பூர் இருக்கிறது. ‘உரு’ எனப்படும் பெருமரக்கலங்களை அரபு நாட்டு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கட்டுவித்துள்ளனர். அரேபியக் கரையில் கப்பலுக்குரிய மரம் இல்லை என்பதே இவ்வுறவின் அடித்தளம். இங்கு லண்டனிலிருந்து வரைபடம் வருவதில்லை. கலத்தின் அளவும் வளைவும் தலைமைத் தச்சரின் மனக்கணக்கில் அமைகின்றன. இத்தச்சரை மலையாளக் கரை ‘ஓடாயி’ என்றும் தமிழ்க் கரை ‘ஓடாவி’ என்றும் அழைக்கும். முடிந்த கலத்தை வடமும் கப்பியும் உருளைக் கட்டைகளும் கொண்டு நீருக்குள் நகர்த்துவது மாப்பிளக் கலாசிகளின் தனித்திறன். கச்சின் மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையிலும் இத்தொழில் நீடிக்கிறது.

பம்பாயையும் பேய்ப்பூரையும் ஒப்புநோக்கினால் ஒன்று தெளிவாகும். இரண்டிலும் வெளிநாட்டார் இந்தியத் தச்சரை நாடினர்; இரண்டிலும் மரமும் கைத்திறனும் அவர்களை ஈர்த்தன. பேய்ப்பூரில் அரபு வணிகர் வாங்குபவராக மட்டுமே வந்தார். காட்டின் உரிமையையோ தச்சரின் கடலோட்டத்தையோ கட்டுப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. பம்பாயில் வாங்குபவரே ஆள்பவராகவும் இருந்தார். மரத்தின் விலையை முடிவு செய்தவரும், கப்பலைச் செலுத்தத் தகுதியுடையவர் யார் என விதித்தவரும் அவரே. எனவே, பம்பாய்க் கப்பல்களின் மலிவை இந்தியத் திறனின் சான்றாக மட்டும் கொண்டாடுவதும், காலனியச் சுரண்டலின் சான்றாக மட்டும் ஒதுக்குவதும் பாதி உண்மையே. திறன் தச்சருடையது, விலையை எழுதிய கை வேறொருவருடையது. ஹார்ட்டில்பூலில் நிற்கும் அந்தத் தேக்குடல் முன்னதற்குச் சான்று. பின்னதற்கான சான்றுகளை மலபாரின் காட்டுப் பதிவுகளிலும் லாஸ்கர் சட்டத்தின் வாசகங்களிலும் தேட வேண்டும்.