விண்டோஸ் 11-க்கு மாறியதும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டன் வேலை செய்யலையா? பழையபடி மாற்றுவது எப்படி?

ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் போடுறீங்க. பணம் கட்டியாச்சு, ஒப்புகை எண் திரையில் வந்துவிட்டது. வழக்கம்போல பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்துறீங்க. திரை லேசாக மங்குகிறது, மேலே ஒரு சின்னப் பட்டை வருகிறது. 'இது என்னடா' என்று எஸ்கேப் அழுத்தி, பக்கத்தையும் மூடிவிடுகிறீர்கள். பிறகு பெயிண்ட்டில் பேஸ்ட் செய்தால் ஒன்றுமே இல்லை, அல்லது நேற்று காப்பி செய்த ஏதோ ஒன்று வருகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்ததால், பலர் 11-க்கு மாறியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் வரும் சந்தேகம் இது. கீபோர்டு கெட்டுப்போச்சோ என்று பயப்பட வேண்டாம். பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் வேலையைத்தான் மாற்றிவிட்டார்கள்.

என்ன மாறியது?

முன்பெல்லாம் இந்த பட்டனை ஒருமுறை தட்டினால் போதும், முழுத் திரையும் கிளிப்போர்டில் காப்பி ஆகிவிடும். 2023-ல் விண்டோஸ் 11-ன் சோதனைப் பதிப்பில் இதை மாற்றியது மைக்ரோசாஃப்ட். அதன்படி பட்டனைத் தட்டினால் ஸ்னிப்பிங் டூல் திறக்கும். எந்தப் பகுதி வேண்டும் என்று நாம் மவுஸால் இழுத்துக் காட்டினால்தான் படம் பதிவாகும். அதாவது, பட்டனைத் தட்டுவது இப்போது பாதி வேலைதான். எஸ்கேப் அழுத்தினால் எதுவுமே பதிவாகாது.

திரையில் ஒரு பகுதி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இது வசதிதான். ஆனால் பல வருஷமாக விரல் பழகிப்போன விஷயத்தை இப்படி மாற்றினால் தடுமாற்றம் வரத்தானே செய்யும்?

பழையபடி மாற்ற...

செட்டிங்ஸ் திறக்க விண்டோஸ் பட்டனோடு ஐ எழுத்தை அழுத்துங்கள். இடது பக்கம் 'அக்சசிபிலிட்டி', அதற்குள் 'கீபோர்டு'. அங்கே கொஞ்சம் கீழே போனால் 'யூஸ் த பிரிண்ட் ஸ்கிரீன் கீ டு ஓபன் ஸ்கிரீன் கேப்சர்' என்று ஒரு வரி இருக்கும். சில பதிப்புகளில் கடைசி வார்த்தைகள் 'ஸ்கிரீன் ஸ்னிப்பிங்' என்று இருக்கலாம். அதை ஆஃப் செய்யுங்கள். அவ்வளவுதான்.

இப்போது பட்டனைத் தட்டிவிட்டு, பெயிண்ட்டிலோ வேர்டிலோ கன்ட்ரோல் வி கொடுத்துப் பாருங்கள். திரையில் எந்த அசைவும் தெரியாது, சத்தமும் வராது. ஆனால் படம் காப்பி ஆகியிருக்கும். முக்கியமான பக்கமாக இருந்தால், பேஸ்ட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

ஆஃப் செய்தும் சரியாகவில்லையா?

ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், வேறு ஏதாவது ஆப் அந்த பட்டனைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒன்டிரைவில் ஸ்கிரீன்ஷாட்களைத் தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், படம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குப் போயிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க தனி ஆப் ஏதாவது போட்டிருந்தால் அதையும் பாருங்கள். சில லேப்டாப்களில் இந்த பட்டன் வேறொரு வேலையோடு இடத்தைப் பங்கு போட்டிருக்கும். அதில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

செட்டிங்கை மாற்ற விருப்பமில்லையா?

விண்டோஸ் பட்டனோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்துங்கள். முழுத் திரையும் நேராக ஃபைலாகவே சேமிக்கப்படும். 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். ஒப்புகைச் சீட்டு, பணம் கட்டிய ரசீது போன்றவற்றுக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். பேஸ்ட் செய்ய மறந்தாலும் படம் எங்கேயும் போகாது. திறந்திருக்கும் ஒரு விண்டோ மட்டும் போதும் என்றால், ஆல்ட் பட்டனோடு பிரிண்ட் ஸ்கிரீன். இது கிளிப்போர்டுக்குத்தான் போகும் என்பதால் உடனே பேஸ்ட் செய்துவிடுங்கள்.

லேப்டாப்பில் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனே இல்லையா? எஃப்என், விண்டோஸ், ஸ்பேஸ் பார் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தினால் ஸ்னிப்பிங் டூல் வரும். மவுஸால் இழுக்க மட்டும் மறக்காதீங்க.