இரு நகரங்களின் செப்புக்காசுகள்: கான்ஸ்டன்டைன் காலத்து நினைவு நாணயங்களும் அவற்றின் வகைகளும்

கி.பி. 330 மே 11 அன்று பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன், பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் தம் புதிய தலைநகரைத் தொடங்கி வைத்தார். பழைய பைசாந்தியம் கான்ஸ்டான்டினோபிள் ஆயிற்று. அந்த ஆண்டு முதல் பேரரசின் நாணயச்சாலைகள் இரண்டு சிறு செப்புக்காசுகளை இணையாக அடித்து வெளியிட்டன. ஒன்று ‘உர்ப்ஸ் ரோமா’ என்ற பெயர் தாங்கியது. மற்றது ‘கான்ஸ்டான்டினோபொலிஸ்’ என்ற பெயர் தாங்கியது. இரண்டிலும் அரசனின் முகமோ பெயரோ இல்லை. தன்னைப் பறைசாற்றத் தயங்காத ஓர் அரசன், தன் முகம் பொறிக்க வேண்டிய இடத்தை இரு நகரங்களுக்குக் கொடுத்ததே இக்காசுகளின் தனிச்சிறப்பு.

ரோமாக் காசின் முன்புறத்தில் சூட்டுடைய தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி இடப்பக்கம் நோக்கி இருக்கிறாள். பின்புறத்தில் ரோமுலஸ், ரீமஸ் இரட்டையருக்குப் பாலூட்டும் பெண் ஓநாயும், அதன் மேல் இரண்டு விண்மீன்களும் உள்ளன. அங்கே பெயரோ வாசகமோ கிடையாது, தேவையும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வெள்ளிக்காசிலேயே இடம்பெற்ற ஓநாய் அது. கான்ஸ்டான்டினோபிள் காசின் முன்புறத்தில் கவசத்தின் மேல் வாகை சூடி, தோளில் கோல் சாய்த்த நகரத் தெய்வம். பின்புறத்தில் சிறகு விரித்த வெற்றித்தேவி ஒரு கப்பலின் முகப்பில் கால் வைத்து, கேடயத்தில் கையூன்றி நிற்கிறாள். 324இல் போட்டிப் பேரரசர் லிசினியஸின் கடற்படையை முறியடித்த வெற்றியையே இக்கப்பல் குறிக்கிறது என்பது பொதுவான கருத்து. அந்தக் கடற்போரை வென்று தந்தவன் கான்ஸ்டன்டைனின் மூத்த மகன் கிரிஸ்பஸ். 326இல் தந்தையின் ஆணைப்படியே கொல்லப்பட்டான். காசை அறிந்து பார்ப்பவர் இதையும் நினைக்காமல் இருக்க இயலாது.

சேகரிப்போரை ஆண்டுக்கணக்கில் ஈர்த்து வைப்பது இந்த உருவங்களைவிட, அவற்றின் கீழே உள்ள அடிக்கோட்டுக்குக் கீழ் பொறித்த சில எழுத்துகளே. திரியர், லியோன், ஆர்ல், ரோம், அக்விலேயா, சிஸ்கியா, தெசலோனிகா, ஹெராக்லியா, கான்ஸ்டான்டினோபிள், நிகோமீடியா, சிசிகஸ், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா எனப் பேரரசு நெடுக இருந்த நாணயச்சாலைகள் ஒரே உருவத்தைத் தத்தம் குறியோடு அடித்தன. லண்டன் சாலை 325ஐ ஒட்டியே மூடப்பட்டதால் அதன் குறி இவ்வரிசையில் வராது. ஒவ்வொரு சாலையிலும் பல பட்டறைகள் இருந்தன. மேற்கே அவை ‘பி’ (முதலாவது), ‘எஸ்’ (இரண்டாவது) என்ற லத்தீன் எழுத்துகளாலும், கிழக்கே ஆல்பா, பீட்டா, காமா என்ற கிரேக்க எழுத்துகளாலும் குறிக்கப்பட்டன. ‘டிஆர்பி’ என்றால் திரியர் முதற்பட்டறை. ‘எஸ்எம்கேஏ’ என்றால் சிசிகஸ் முதற்பட்டறை. காசில் கோளாறு கண்டால் எந்தப் பட்டறை பொறுப்பு என்று அறிய வைத்த அடையாளம், இன்று அதன் பிறப்பிடத்தைச் சொல்லும் சான்றாகிவிட்டது.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆர்ல் நகருக்கு அரச குடும்பத்தின் நினைவாகக் கான்ஸ்டான்டினா என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. ஆகவே அதன் குறி ‘பிகான்ஸ்ட்’, ‘எஸ்கான்ஸ்ட்’ என்று வரும். இதைக் கான்ஸ்டான்டினோபிள் என்று படித்துவிடுவது எளிது. பட்டறை எழுத்து முன்னே நின்றால் ஆர்ல். ‘கான்ஸ்’ என்பதற்குப் பின்னே கிரேக்க எழுத்து நின்றால் கான்ஸ்டான்டினோபிள்.

பட்டறைக்கு அப்பால் அடிக்கடி மாறிய துணைக்குறிகளும் உண்டு: புள்ளி, பிறை, விண்மீன், ஈச்சங்கிளை, மலர்வளையம். ஒரு குறியின் கீழ் அடித்த தொகுதி முடிந்ததும் அடுத்தது தொடங்கியது. இவ்வரிசையை வைத்தே ஒரு காசைச் சில ஆண்டு இடைவெளிக்குள் நிறுத்த முடிகிறது. ஆர்ல் சாலையில் ஓநாயின் மேல், இரு விண்மீன்களுக்கு நடுவே கிறிஸ்துவைக் குறிக்கும் கை-ரோ சின்னம் பொறித்த வகை ஒன்று உள்ளது. பழைய ரோமின் தாய்விலங்கும் புதிய சமயத்தின் முத்திரையும் ஒரே வட்டத்தில் அமைந்த அந்தக் காசு, அந்தத் தலைமுறையின் மனநிலையை எந்த நூலையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

எடையும் காலத்தைச் சொல்லும். தொடக்கத்தில் ஏறத்தாழ 2.5 கிராம் இருந்த காசு, 336ஐ ஒட்டி 1.7 கிராம் அளவுக்குக் குறைந்தது, வட்டமும் சுருங்கியது. 337இல் கான்ஸ்டன்டைன் இறந்த பின்னும் அவர் மகன்கள் சில ஆண்டுகள் இவற்றை அடித்தனர். ரோமாவின் முன்புறமும் போர்வீரர் இருவர் நிற்கும் பின்புறமும் சேர்ந்த பொருந்தா இணைகளும் கிடைக்கின்றன. 341ஐ அடுத்த ஆண்டுகளில் பிரிட்டனிலும் கால் (Gaul) பகுதியிலும் சில்லறை வரத்து குன்றியபோது, உள்ளூர்க் கைவினைஞர் அடித்த போலிகள் பெருகின. எழுத்தறியாதவர் வெட்டிய அச்சில் பெயர் கோடுகளாகச் சிதையும். ஓநாய் குதிரைபோலத் தோன்றும். இவற்றைத் தள்ளிவிடக் கூடாது. அரசு தராத சில்லறையை ஊர்மக்கள் தாமே செய்துகொண்டதற்கு நேரடிச் சான்று இவைதாம்.

இணையாக வெளிவந்த இன்னொரு சிறு வகையும் தேடத்தக்கது. ‘பாப் ரோமானஸ்’ என்ற பெயரில் ரோமானிய மக்களின் காவல்தெய்வத்தைக் காட்டும் அக்காசு கான்ஸ்டான்டினோபிளில் மட்டுமே அடிக்கப்பட்டது. அதன் பின்புறத்தில் ஆற்றின் மேல் பாலமோ, வளையத்துள் விண்மீனோ இருக்கும்.

வகை அறிய ஆதார நூல்கள் ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ வரிசையின் இரு தொகுதிகள். பேட்ரிக் புரூன் எழுதிய ஏழாம் தொகுதி (1966) 313 முதல் 337 வரையும், ஜே. பி. சி. கென்ட் எழுதிய எட்டாம் தொகுதி (1981) 337 முதல் 364 வரையும் அடக்குகின்றன. 337இன் இருபுறமும் விழும் இக்காசுகளுக்கு இரண்டும் வேண்டும். விலை குறைவு என்பதால் இவற்றைக் கவனமின்றித் துலக்குவோர் பலர். பித்தளைப் பாத்திரம்போலப் புளியிட்டுத் தேய்த்தால் பச்சைக் களிம்போடு எழுத்தின் விளிம்பும் கரைந்துபோகும். வடிநீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் நீக்குவதே முறை.

தமிழகத்தில் கரூர், மதுரைப் பகுதிகளிலும், இலங்கையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி கான்ஸ்டன்டைனுக்குப் பிந்திய அரசர்களுடையவை, கைமாறித் தேய்ந்தவை. இந்தியாவில் மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைப்பவற்றை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஒவ்வொரு காசோடும் கிடைத்த இடம், எடை, விட்டம், அடிக்கோட்டுக் குறி, நூல் எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு இருக்க வேண்டும். குவியலில் ஒன்றாகக் கிடைத்தவற்றைப் பிரித்து விற்றால், அவை எப்போது புதைக்கப்பட்டன என்பதைக் கணிக்க உதவும் கடைசிக் காசு எது என்பது பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.